தும்மலோடு வந்த உத்தரவு

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடியே முனியம்மாள் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். இடுப்பளவுத் தண்ணீர். இரண்டு கைகளும் ஏரிச் சேற்றுக்குள் இறாலைத் தடவுகின்றன. பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறி அவள் வாயிலிருந்து மார்பில் தொங்கி ஆடுகிறது. வாய் அடைத்திருக்கும்போதே இவ்வளவு பேசுகிற மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "ம்ம்... ம்ம்ம்... ம்ம்!" என்றுதான் நமக்குக் கேட்கும். யாரை, எதற்காகத் திட்டுகிறாள் என்பது பக்கத்தில் தடவுகிற பெண்களுக்குத் தெளிவாகப் புரியும். அவர்களும் கயிற்றைக் கடித்துக்கொண்டே சிரிப்பார்கள். சிரித்தவளுடைய பறி நழுவித் தண்ணீரில் விழுந்தால் அதற்கும் தனியாக ஒரு "ம்ம்ம்" உண்டு.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் எனக்கு எழுத்து வேலை. பெயர் துளசிங்கம். துரைமார் தங்கள் பாஷையில் சொல்வதைத் தமிழில் ஓலையில் எழுத வேண்டும். ஊரார் தமிழில் சொல்வதை அவர்கள் பாஷையில் காகிதத்தில் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு வாங்க ஒருவன் தேவை என்று கும்பினியார் யோசித்து உண்டாக்கிய உத்தியோகம். முனியம்மாள் என்னைத் தன் தொழிலில் பங்காளி என்று சொல்லிக்கொள்வாள். "நீ கையால சொமக்கற சாமி, நான் வாயால சொமக்கறேன். ஒனக்கு மட்டும் நெழல்ல ஒக்கார எடம் குட்த்துட்டாங்க" என்பாள். அந்த நிழலில் எனக்கு வாய்த்த இடம் மாவு மூட்டைக்கும் நாற்றமடிக்கும் பன்றி இறைச்சிப் பீப்பாய்க்கும் நடுவில் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்று நானும் சொல்லவில்லை.

அவள் கோட்டைக்குச் சேதிக்காரி ஆனதற்குக் காரணம் ஏரிதான். பார்க்கத்தான் அது கடல். இறங்கினால் பாதி இடத்தில் முழங்காலுக்கு மேல் நனையாது. நீர் இறங்கும் வேளையில் படகுகள் சேற்றில் குந்திக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கோட்டைத் துறையிலிருந்து முகத்துவாரத்துக் குப்பத்துக்கு ஒரு படகு போய்ச் சேர்வதற்குள், முனியம்மாள் நடந்தே போய், சேதி சொல்லி, வெற்றிலை போட்டு, அங்கே இரண்டு பேருக்குச் சண்டை மூட்டிவிட்டுத் திரும்பியிருப்பாள். எந்த இடத்தில் சேறு விழுங்கும், எந்த இடத்தில் மணல் தாங்கும் என்று அவள் பாதத்துக்குத் தெரியும். ஆகவே அவசரச் சேதி என்றால் துறையில் நிற்கிறவர்கள் தண்ணீரைப் பார்த்துக் கூவுவார்கள்: "முனியம்மா!" பறியைப் பக்கத்துக்காரியிடம் கொடுத்துவிட்டு, சேலையை உதறிக்கொண்டு கரையேறுவாள். கூலி புகையிலை. நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே கூலி என்பது அவளுடைய நீண்ட நாள் மனக்குறை.

இனி குப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பினியின் கப்பல்கள் கரைக்கு வராது. கடலில் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கோட்டையிலுள்ள துணி மூட்டைகளை அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோவது சலங்குகள். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய பெரிய படகு சலங்கு. அலை அறைந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். சலங்குக்காரர்களுக்குத் தலைவர் செங்கல்வராயன். அவர் எதற்கும் வளைந்து கொடுக்கிற ஆளில்லை. கோட்டையிலிருந்து யார் போய் என்ன உத்தரவு சொன்னாலும் வலையை முடிந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்பார்: "கொரலோட சொல்லு."

இது அந்தக் குப்பத்து வழக்கம். உத்தரவு போட்டவன் எந்தக் குரலில் போட்டானோ அந்தக் குரலிலேயே சேதி வந்து சேர வேண்டும். வெறும் சொல்லை அங்கே யாரும் வாங்கிக்கொள்வதில்லை. முன்பு ஒரு சேவகன் போய், "துரை உடனே வரச் சொன்னார்" என்று அரிசி அளப்பவன் மாதிரி ஒரே குரலில் சொல்லிவிட்டு வந்தான். குப்பமே பதறி, கொட்டும் மழையில் துடுப்பு முறிய முறியத் துறைக்கு வந்து சேர்ந்தது. விசாரித்தால், விருந்துக்கு நண்டு வேண்டும் என்று துரை சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொன்ன சொல் அது. அன்றிலிருந்து செங்கல்வராயன் கண்டிப்பாக இருக்கிறார். "தொரை எப்டி சொன்னான்? சிரிச்சிக்கினு சொன்னானா, கொலைச்சிக்கினு சொன்னானா? மொதல்ல அத்தச் சொல்லு. வரதா வாணாமான்றத நாங்க பாத்துக்கறோம்."

இந்த வழக்கத்துக்கென்றே பிறந்தவள் போல முனியம்மாள் வந்து சேர்ந்தாள். கோட்டைத் துறைக்குப் பொறுப்பான ஹென்ரிக் துரைக்கு ஓயாத தும்மல். மூக்குப்பொடி பாதி, நம்மூர்க் காற்று பாதி. ஊரில் அவருக்குத் தும்மல் துரை என்றே பெயர். அவருடைய உத்தரவைக் குப்பத்தில் சொல்லும்போது முனியம்மாள் இடுப்புத் துணியைப் பெல்ட்டைப் பிடிப்பது போலப் பிடிப்பாள், மோவாயைத் தூக்குவாள், வயிற்றை முன்னால் தள்ளுவாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம் எதிரில் இருப்பது கறுத்து மெலிந்த இருளப் பெண்ணா, சிவந்து பருத்த வெள்ளைக்காரரா என்று சந்தேகம் வந்துவிடும். அவர் எந்தச் சொல்லுக்குப் பிறகு தும்மினாரோ அதே சொல்லுக்குப் பிறகு தும்முவாள். அவருக்குத் தெரிந்த உடைந்த தமிழை உடைந்தபடியே ஒப்பிப்பாள். நடுவில் அவர் தம் பாஷையில் முனகியதையும் விட மாட்டாள். ஒருமுறை மூட்டை ஏற்றும் உத்தரவின் கடைசியில் ஏதோ ஒல்லாந்தா வாக்கியம் வந்தது. சலங்குக்காரர்கள் கூடி உட்கார்ந்து அதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று வெகுநேரம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் எச்சரிக்கை என்றார். ஒருவர் வசவு என்றார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்கள். "என் இன்னொரு செருப்பு எங்கே போய்த் தொலைந்தது" என்பது அதன் பொருள்.

இதில் வேடிக்கை, அவளுடைய சொந்தப் பேச்சில் ஒரு சொல்லையும் நம்ப முடியாது. முகத்துவாரத்தில் ஒரு சுறா தன்னிடம் வழி கேட்டதாகச் சொல்வாள். ஒல்லாந்தா ராணி தன் இறாலைத் தின்றுவிட்டுக் கண்ணீர் விட்டதாகக் கடிதம் வந்தது என்பாள். எழுதிக் கொடுத்ததே துளசிங்கம் சாமிதான் என்று என்னையும் சாட்சிக்கு இழுப்பாள். போன மாதம் காய்ச்சலில் தான் செத்துப் போய், எமன் பாஷை பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டதாகக்கூட ஒரு கதை உண்டு. ஆனால் அடுத்தவர் சொன்னதைச் சொல்லும்போது கடுகளவு கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். இரண்டையும் கலந்துவிடாமல் இருக்க நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சுவாள். "இது அவரு சொன்னது" என்று ஓர் உறிஞ்சல். "இனிமே நான் சொல்றது." அதற்குப் பிறகு வருவதைக் கேட்க யாரும் நிற்பதில்லை, எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவள் புருஷன் சடையன் மட்டும் பாவம், எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பான். சடையன் வாயைத் திறப்பது கொட்டாவிக்குத்தான். அவன் சொல்ல வேண்டியதையும் அவன் பக்கத்தில் இருக்கும்போதே அவன் குரலில் இவளே சொல்லிவிடுவாள். அவன் அதைக் கேட்டுவிட்டு, ஆமாம், இதைத்தான் நினைத்தேன் என்பது போலத் தலையாட்டுவான்.

எழுத்தைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒருநாள் நான் ஓலையில் ஓர் உத்தரவை எழுதிக்கொண்டிருந்தபோது கரையேறி வந்து, ஈரம் சொட்டச் சொட்ட என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இத்த எட்த்துக்கினு போயி குட்த்தா, ஒரு சந்தேகம்னா அது பதில் சொல்லுமா சாமி?"

"சொல்லாது. ஆனால் நாளைக்கும் இதையேதான் சொல்லும். மாற்றிப் பேசாது."

"அதான் பேஜாரே! நேத்துக் காத்துக்கு எழுதனது இன்னிக்குக் காத்துக்கும் அத்தயே சொன்னா, படகுல போறவன் கதி இன்னா ஆவறது?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. எழுத்தாணியால் சோறு தின்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது? "நாளைக்கு ஒரு துரை, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால் என்ன செய்வாய்? எழுத்து இருந்தால் காட்டலாம்" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு, "நான் ஒருக்கா சொல்லிக் காட்டுவேன். அவரே பயந்துக்குவாரு" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

போன ஆவணியில் கோட்டைக்குப் புதிதாகப் பெரிய துரை வந்தார். எழுத்து என்றால் அவருக்கு உயிர். வந்த அன்றே எல்லோரையும் கூட்டி, இந்தக் கோட்டையில் இனி எழுத்தில் இல்லாத எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை என்று அறிவித்தார். காலையில் கதவு திறந்ததை எழுத வேண்டும். மாலையில் மூடியதை எழுத வேண்டும். சமையற்காரன் உப்புக் கேட்டாலும் எழுதிக் கேட்க வேண்டும். அவனுக்கு எழுதத் தெரியாததால் நான் எழுதினேன். உப்பு வருவதற்குள் சாப்பாடு முடிந்து, உப்பில்லாத குழம்பைப் பற்றிப் பெரிய துரை ஒரு கண்டனம் எழுதினார், அதைச் சமையற்காரனுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். ஆட்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். பெரிய துரைக்கு எது பிடிக்குமோ அதை எழுதினார்கள். எது நடக்க வேண்டுமோ அதை வாயால் சொன்னார்கள். ஹென்ரிக் துரை இதில் தேர்ந்தவர். மேலே போவதெல்லாம் காகிதம், கீழே போவதெல்லாம் முனியம்மாள் என்று வைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு கப்பல் வந்து நின்றது. வாடைக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. மறுநாள் விடியற்காலையில் சலங்குகள் வந்து மூட்டைகளை ஏற்றிப் போக வேண்டும் என்று பெரிய துரை உத்தரவு போட்டார். ஹென்ரிக் துரை தலையாட்டினார். நான் ஓலை எழுதினேன். அதன் நகலைக் காகிதத்தில் எழுதி, பெரிய துரை கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தாயிற்று. ஓலையை ஹென்ரிக் துரையே துறைக்கு எடுத்துப் போய் முனியம்மாளிடம் கொடுத்தார். அங்கே நான் இல்லை.

சலங்குகள் விடியற்காலையில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. முகத்துவாரத்தில் அலை வீட்டுக் கூரை உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது. பெரிய துரை பார்க்கவில்லை, கோட்டையின் உள்ளறையில் எழுதிக்கொண்டிருந்தார். கப்பல்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, காற்று இன்னும் கெடுவதற்குள் என்று பாதி வயிறு காலியாகவே பாய் விரித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பெரிய துரை வெளியே வந்தார். செங்கல்வராயனைப் பிடித்து வந்து முற்றத்துக் கம்பத்தில் கட்டினார்கள். எழுதிய உத்தரவை மீறியதற்கு, முதுகுத் தோல் உரியும் மட்டும் கசையடி என்று தீர்ப்பு. விசாரணை என்று ஒன்றும் எழுத்தில் இருக்க வேண்டுமே, அது மட்டும்தான் பாக்கி.

செங்கல்வராயன் கம்பத்தில் கட்டுண்டபடியே சொன்னது ஒரே வாக்கியம்: "முனியம்மா வந்து வராதன்னா. தும்மலோட சொன்னா. நான் வரல."

ஹென்ரிக் துரையைக் கேட்டார்கள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, என் உத்தரவு ஓலையில் இருக்கிறது என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். சலங்குகள் மூழ்கக் கூடாது என்று நினைத்தவர்தான். ஆனால் கையெழுத்தான உத்தரவை மாற்றச் சொல்லி மேலே போய்க் கேட்கும் துணிச்சல் அவருக்கு இல்லை. இப்போது உண்மையைச் சொன்னால் அந்தக் கம்பம் தமக்குக் காலியாகும் என்பது தெரிந்திருந்தது. அதனால் அவர் காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

விசாரணைக்குப் போகுமுன் முனியம்மாள் என்னிடம் வந்தாள். இறால் தடவப் போகாத நாள் என்பதால் சேலை காய்ந்திருந்தது. அவளைக் காய்ந்த சேலையில் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கும்.

"என் சொல்லக் கேட்டு ஒரு மனுசன் கட்டிக்கினு நிக்கறாரு சாமி. அந்த ஆளுக்கு நான்னா ஆவவே ஆவாது, தெரியும்ல? எட்டூருக்கு ஏசுவாரு. ஆனா என் சொல்ல ஒருநாளும் தட்னதில்ல. அந்த முதுகுல ஓர் அடி வுழுந்தாலும் நான் இந்த வாயத் தெச்சிக்கணும்."

நான் எழுதிய ஓலைதான் அவருக்கு எதிரான சாட்சி. அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதற்காக அன்றுதான் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

பெரிய துரையின் அறையில் நீளமான மேசை. ஒரு பக்கம் அவர், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் காகிதமும் மைக்கூடுமாக நான், சுவரோரம் ஹென்ரிக் துரை, வாசலில் இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். திறந்த கதவின் வழியாக முற்றத்துக் கம்பமும் அதில் செங்கல்வராயனின் வெறும் முதுகும் தெரிந்தன. நடக்கும் பேச்சு எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவு. பெரிய துரை கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அவள் சொன்னதை அவர் பாஷையில் சொல்லி, எழுதினேன்.

"சுறாமீன் தன்னிடம் வழி கேட்டது என்று சொன்னவள் இவள்தானே?" என்பது முதல் கேள்வி. ஹென்ரிக் துரை முன்னாடியே சொல்லி வைத்திருக்கிறார்.

"ஆமா சாமி. அது நான் சொன்னது. அதுல நெசம் கெடையாது" என்றாள் முனியம்மாள். "இது அவரு சொன்னது. அது வேற."

"பொய் என்று தெரிந்தால் அடுத்தபடியாகக் கம்பம் உனக்குத்தான்."

அவள் ஹென்ரிக் துரையைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"சரி. அவர் சொன்னதைச் சொல்."

முனியம்மாள் இடுப்புத் துணியைப் பிடித்தாள். வயிறு முன்னால் வந்தது, மோவாய் எழுந்தது. "ஏய்... ஓலை குடு. குடுக்கணும். ஆனா..." என்று நிறுத்தி, அறையே அதிரும்படி ஒரு தும்மல் தும்மினாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த காகம் பறந்துபோயிற்று. "ஆனா அலை பெருசு. சலங்கு... வராதே. அலை எறங்கி, அப்பறம் வா. என்னா? வராதே."

வாசலில் நின்ற சிப்பாய்களில் ஒருவன் தன்னையறியாமல் ஹென்ரிக் துரையைத் திரும்பிப் பார்த்தான். பெரிய துரை அசையவில்லை.

"இவர் தும்முவது ஊருக்கே தெரியும். தும்முவது சாட்சி ஆகாது" என்றார். நியாயந்தான். நானும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பேன். "அவ்வளவுதானா என்று கேள்."

கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கீது சாமி. அவரு பாசைல. ஆரம்பிச்சதுமே செங்கல்வராய நைனா, அதெல்லாம் எனக்கு வாணாம், செருப்புச் சமாச்சாரமா இருக்கும்னுட்டாரு. அத்தயும் சொல்லணுமா?"

நான் அதை மொழிபெயர்த்ததும் ஹென்ரிக் துரை முதல்முறையாகச் சுவரைவிட்டு முகத்தைத் திருப்பினார். முகத்தில் ரத்தம் இல்லை. "தேவையில்லை. அர்த்தம் தெரியாதவள் உளறுவாள்" என்றார் அவசரமாக. அந்த அவசரத்தைத்தான் பெரிய துரை பிடித்துக்கொண்டார்.

"சொல்லச் சொல்."

முனியம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள். அவளுடையது அல்ல, அவருடைய பெருமூச்சு. துறையில் நின்று கோட்டையைப் பார்ப்பவர் போலத் தலையைத் திருப்பினாள். யாருக்கும் கேட்காது என்று நம்புகிற ஒரு மனிதனின் தணிந்த குரலில், அவள் வாயிலிருந்து சுத்தமான ஒல்லாந்தா பாஷை புறப்பட்டது. ஹென்ரிக் துரையின் சொந்த ஊர் இழுவையோடு, மூக்கடைப்போடு வந்தது. நான் இருபது வருஷம் முட்டி மோதியும் என் நாக்குக்கு வராத அந்தத் தொண்டைச் சத்தம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. என் பேனா பழக்கத்தில் ஓடியது. கேட்டதை எழுதுவதுதானே உத்தரவு? "குடைக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறது அந்த ஔட ஃபார்கன். தன் கஞ்சித் தட்டில் எழுவதைவிடப் பெரிய அலையை அது கண்டதுண்டா? படகு கவிழ்ந்தால் அதற்கும் ஒரு காகிதம் எழுதும்."

'ஔட ஃபார்கன்' என்றால் கிழட்டுப் பன்றி.

எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று எனக்கு உறைத்தது. வாசலில் ஒரு சிப்பாய்க்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இன்னொருவன் கூரையில் எதையோ தேடினான். ஹென்ரிக் துரை கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு வாக்கியத்தை முனியம்மாளால் கற்பனை செய்ய முடியாது, ஊரில் எவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவும் முடியாது. அது யாருடைய வாயில் பிறந்தது என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டியதில்லை.

பெரிய துரையின் கன்னம் மட்டும் துடித்தது. "தான் சொன்னதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"அர்த்தம் இன்னாத்துக்கு சாமி?" என்றாள் முனியம்மாள். "கொரல்லியே தெரியல? யாரையோ நல்லா ஏசிக்கினாரு மனுசன். வயித்தெரிச்சல்ல ஏசனது. பொய்யில்ல அது."

நான் மொழிபெயர்த்தேன். முழுவதும் மொழிபெயர்த்தேன். அந்த நேரத்தில் எதையும் விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முற்றத்தில் கயிறு உரசும் சத்தம் கேட்டது. செங்கல்வராயன் தோளை நகர்த்தி நின்றிருப்பார். கடைசியில் பெரிய துரை வாசலைப் பார்த்து, "அவனை அவிழ்த்து விடு" என்றார்.

முனியம்மாளுக்குச் சொல்லாமலே புரிந்தது. பெரிய துரையின் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தீர்ப்பையும் எழுத வேண்டுமே என்று பேனாவை மையில் தோய்த்துக் காகிதத்தின் மேல் கொண்டு போனேன்.

காகிதம் தெரியவில்லை. அதன் மேல் பெரிய துரையின் உள்ளங்கை விரிந்து கிடந்தது. மை காயாத கடைசி வரிகள் அந்தக் கைக்கு அடியில் இருந்தன.

"இது வேண்டாம்" என்றார் என்னிடம், மெதுவாக. "இதை எழுத வேண்டியதில்லை."

அதற்குள் கட்டு அவிழ்ந்த செங்கல்வராயன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து, தலை குனிந்து, இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டார். பெரிய துரை வழக்கம்போல் பதில் மரியாதைக்கு வலது கையைத் தூக்கினார். பாதி தூக்கியதும் உள்ளங்கை முழுக்க அப்பியிருந்த மையை அவரே பார்த்தார். சட்டென்று அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார்.